பந்து பள்ளத்தில் போன நேரம்

போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் புட்பால் க்ளப்பின் பழைய கோல்கீப்பர் ஒரு சலூன் வைத்திருந்தார். எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே முடி வெட்டிக்கொள்ள வந்தவர்களைவிடப் பந்து பேச வந்தவர்கள்தான் அதிகம். எல்லாருக்கும் நாற்பதைத் தொட்ட வயது, தொந்தி விழுந்தாயிற்று, பேச்சு மட்டும் எழுபதுகளை விட்டு ஓர் அடி நகராது. வெறுங்காலோடு ஆடிய ரைட் பேக்கை ஒருவர் ஆரம்பித்து வைப்பார். அவர் பஞ்சு மூட்டை தூக்குகிறவர். உதைக்க ஓடி வந்தால் எதிரே நிற்பவன் விலகிக்கொள்வான். பந்துக்குப் பயந்து அல்ல, அவருடைய பெருவிரல் நகத்துக்குப் பயந்து. அடுத்து, லெப்ட் அவுட் ஆடிய பள்ளிக்கூட வாத்தியார். ஒருவனை ஏமாற்றிப் பந்தைக் கடத்திக்கொண்டு போனால், திரும்பி வரும்போது அவனிடம் "கோவிச்சுக்கிறாதப்பா" என்று சொல்லிவிட்டு வருவார். சலூன்காரர் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்வார். யாரும் மறுத்துப் பேச முடியாது, கத்தி அவர் கையில் இருந்தது.

இதெல்லாம் முடிந்து பேச்சு ஒன்பதாம் நம்பரிடம் வந்து நிற்கும். அவர்தான் எங்கள் சென்டர் பார்வேர்டு, எங்கள் ஊர் கண்டதில் பெரிய ஆட்டக்காரர். அவரிடம் வந்துவிட்டால் அடுத்தது அந்தக் கோல். மலை மேல் எஸ்டேட் மைதானத்தில், மழையில், கார்னர் பந்தை அவர் தலையால் அடித்தது. அந்தக் கோல் கடைசியில் செல்லுபடியாகவில்லை. கப்பும் கிடைக்கவில்லை. இருந்தாலும் எங்கள் ஆள்களுக்குக் கப்பு வாங்கிய ஆட்டங்கள் எல்லாம் மறந்துவிட்டன, இது மட்டும் மறக்கவில்லை.

"அண்ணே, அந்தக் கோலைச் சொல்லுங்க. நீங்கதான பக்கத்துல நின்னு பாத்தது" என்பார்கள் என்னிடம்.

சலூன் கண்ணாடிக்கு மேலே க்ளப் போட்டோ மாட்டியிருந்தது. நடு நாற்காலியில், கழுத்தில் மாலையோடு, ஒரு நாள்கூடக் களத்தில் இறங்காத நான். என்னை ஏன் அங்கே உட்கார வைத்தார்கள் என்று புதிதாக யாராவது கேட்டால் சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டுச் சொல்வார்: "கப்பு போனாலும் போகுது, சோலி போனாலும் போகுதுன்னு ஒரு உசிரைக் காப்பாத்துன மனுசன்யா." நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். நானோ ஓரக்கண்ணால் வாசல் கதவைப் பார்ப்பேன். என்றைக்காவது ஒருவர் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுவார் என்ற பயம் எனக்குப் பத்து வருஷமாக இருந்தது.

என்னுடைய பயங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. எழுபதுகளில் போடி மெட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். ஸ்டோர் என்றால் கடை அல்ல. பறித்த பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடம். வாரம் ஒரு முறை ஜீப்பில் போடிக்கு இறங்குவேன். ஒவ்வொரு வளைவிலும் கண்ணை மூடிக்கொள்வேன். அட்டைக்குப் பயம், பனிமூட்டத்துக்குப் பயம், மேனேஜர் ஜீப்பின் சத்தத்துக்கு எல்லாவற்றையும்விடப் பயம். என் வாழ்க்கையில் பயமில்லாமல் நான் செய்த ஒரே காரியம் எங்கள் க்ளப்புக்காகத் தொண்டை கிழியக் கத்துவதுதான். மைதானத்தின் ஓரத்தில் நின்றால் மட்டும் எனக்கு வேறு ஓர் ஆளின் குரல் வரும். அந்தக் குரல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த வருஷம் எங்கள் எஸ்டேட்டில் போட்டி நடத்தினார்கள். பைனலுக்கு வந்தது எஸ்டேட் டீமும் எங்கள் போடி க்ளப்பும். நான் சம்பளம் வாங்குவது ஒரு பக்கம், உயிரை வைத்திருப்பது இன்னொரு பக்கம். எஸ்டேட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போட்டிக்கு ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு டீமும் பதினைந்து பேர் பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாதவர் ஆடக் கூடாது. ஒன்பதாம் நம்பர் அப்போது மதுரையில் ஒரு மில்லுக்காக ஆடப் போய்விட்டார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. பதினைந்தாவது பெயர் சிலமலைக்காரருடையது. சிலமலையில் கொஞ்சம் நிலம் வைத்துக் கடலையும் பருத்தியும் போடும் சம்சாரி. இருபத்திரண்டு வயது இருக்கும், கல்யாணமாகி ஆறு மாதம். மூன்று வருஷமாக எல்லா ஆட்டத்துக்கும் உடன் வந்தவர், ஓர் ஆட்டத்திலும் இறங்காதவர். பைனலுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் லெப்ட் ஹாபுக்குக் காய்ச்சல் கண்டது. சிலமலைக்காரருக்கு வாய்ப்பு வந்தது. அப்போது நாங்கள் அவரை அவன் இவன் என்றுதான் சொன்னோம். இப்போது அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆட்டத்தன்று காலை டீம் இரண்டு ஜீப்பில் மேலே வந்தது. முதல் ஜீப்பின் முன் சீட்டிலிருந்து ஒன்பதாம் நம்பர் இறங்கினார். மில்லில் லீவு போட்டுவிட்டு, ஆட்டம் பார்க்கலாம் என்று வந்தவர். அவரைப் பார்த்ததும் எனக்குப் புத்தி போய்விட்டது. யோசனை என்னுடையதுதான். மற்றவர்கள் சொன்னார்கள், நான் தலையாட்டினேன் என்று எழுதினால் என்னைக் கேட்க ஆள் இல்லை. ஆனால் யோசனை என்னுடையதுதான். "பட்டியல்ல போட்டோ இல்லையே, பேரு மட்டும்தான. இவரு மொகம் இங்க யாருக்கும் தெரியாது. சிலமலைப் பய பேருல எறக்கிருங்க" என்றேன்.

சிலமலைக்காரர் பனியனை ஏற்கெனவே மாட்டியிருந்தார். ஜீப்புக்குப் பின்னால் போய், கழற்றி, மடித்து ஒன்பதாம் நம்பரிடம் கொடுத்தார். மடித்துக் கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஒரு சங்கடமும் தோன்றவில்லை, அடுத்த கவலை வந்துவிட்டது. எஸ்டேட்டில் காய் எடுக்கிற பெண்களில் பாதிப் பேர் சிலமலைப் பக்கத்து ஊர்க்காரர்கள். வேடிக்கை பார்க்க எல்லாரும் வருவார்கள். பெயர் மட்டும் காதில் விழுந்தால் வேறு யாரோ ஒருவர் என்று இருந்துவிடுவார்கள்; இவரையே கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதே பெயரில் இன்னொருவர் களத்தில் ஓடிக்கொண்டிருப்பார். ஆகவே இவர் யார் கண்ணிலும் படக் கூடாது. செடிகளுக்குள் போய் உட்காரச் சொல்லவும் முடியாது. அது காய் எடுப்புக் காலம். தெரியாத ஆள் தோட்டத்துக்குள் இருந்தால் ஏலக்காய்த் திருடன் என்று வாட்சர் கட்டிப் போட்டுவிடுவான்.

மைதானத்தின் கோடியில், வளைவுக்கு அந்தப் பக்கம், பழைய ஸ்டோர் இருந்தது. புதிய ஸ்டோர் கட்டிய பிறகு அதில் கிழிந்த சாக்குகளைப் போட்டு வைத்திருந்தோம். சாவி என்னிடம். அவரை அங்கே கூட்டிப் போனேன். பின்பக்கம் வெட்டி விட்ட மண்மேடு செங்குத்தாக நின்றது. நாலு நாள் மழையில் அந்தப் பக்கத்துச் சுவர் முழுக்க ஈரம் ஊறி, அடியில் செம்மண் தண்ணீர் கசிந்திருந்தது. பார்த்தேன். மழைக்காலத்தில் எந்தச் சுவர்தான் ஊறாது என்று நினைத்துக்கொண்டேன்.

"வெளிய பூட்டிக்கிறேன்ப்பா. தெறந்து கெடந்தா வாட்சர் உள்ள வந்து பாப்பான். பூட்டிக் கெடந்தா அந்தப் பக்கமே வர மாட்டான்" என்றேன்.

"சரிண்ணே."

"விசில் ஊதி முடியுற வரைக்கும் சத்தம் காட்டிறாத. என் சோலிக்கு வேட்டு வச்சிராத."

"சரிண்ணே. இங்க இருந்தா ஆட்டத்துல கத்துறதாவது கேக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"நல்லாக் கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் பூட்டினேன்.

மைதானம் என்பது பெயருக்குத்தான். சரிவை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பந்து பள்ளத்தில் போனால் ஏலச் செடிகளுக்கு நடுவே உருண்டு ஓடை வரை போய்விடும். இருந்தது ஒரே பந்து. அதைத் தேடி எடுத்து வருவதற்குள் ரெப்ரி ஒரு பீடி குடித்து முடித்துவிடுவார். வலை கிடையாது, இரண்டு யூகலிப்டஸ் கம்பும் குறுக்கே கயிறும்தான் கோல்.

ஆட்டம் தொடங்கியதும் மழையும் தொடங்கியது. முதல் பாதியில் எஸ்டேட்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். இரண்டாம் பாதியில் ஒன்பதாம் நம்பர் மூன்று பேரைத் தாண்டிப் போய் ஒன்று திருப்பிப் போட்டார். எங்கள் ஆள்கள் சிலமலைக்காரரின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே கத்தினார்கள்; கொஞ்ச நேரத்தில் அதுவே பழகிவிட்டது. நான் எஸ்டேட் ஆள்களுக்கு நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கும். எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. எஸ்டேட் பேக் ஒருவன் பந்தை வெளியே தள்ளிய வேகத்தில் அது பள்ளத்தில் இறங்கிவிட்டது. அந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம். லாரியிலிருந்து கல் லோடு சரிப்பதுபோல ஒரு சத்தம், அதற்குப் பின்னால் தகரம் நசுங்கும் சத்தம். பலருக்கும் கேட்டிருக்கும், இடி என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

வளைவிலிருந்து வாட்சர் குடையோடு வந்தான். மலையாளத்துக்காரன், அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவன். ஸ்டோர் என் பொறுப்பு என்பதால் நேரே என்னிடம் வந்தான்.

"சாரே, பழைய ஸ்டோரு மேல மண்ணு இடிஞ்சு விழுந்துச்சு. பின்சொவரு போயி. பாக்கியம், பூட்டிக் கெடக்கு. ஆளாரும் இல்லா" என்றான். சொல்லிவிட்டுத் தன் காவலைப் பார்க்கக் கீழே போய்விட்டான்.

பூட்டிக் கிடக்கிறது, ஆகவே ஆள் இல்லை. நான் பூட்டியது அதற்காகத்தானே. கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டேன். சாவி இருந்தது. பிடித்துக்கொண்டேன்.

வாயைத் திறந்து "உள்ள ஆள் இருக்கு" என்று மூன்று வார்த்தை கத்தினால் போதும். ஆட்டம் நின்றுவிடும். யார் உள்ளே, ஏன் உள்ளே, யார் பூட்டியது என்று கேள்வி வரும். மேனேஜர் பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தேன். கோல் கம்புக்குப் பக்கத்தில் ஒன்பதாம் நம்பர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவரையும் பார்த்தேன். இந்தக் கார்னர் ஒன்று முடியட்டும், அதற்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று தோன்றியது. உள்ளே இருக்கிறவர் உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும் ஒரு கார்னருக்குள் அது மாறிவிடப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி ஒரு சமாதானத்தை எந்த மனுசனாவது சொல்லிக்கொள்வானா என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் சொல்லிக்கொண்டேன். பயத்தால் நின்றேன் என்று சொன்னால் கேட்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். பாதிதான் பயம். மீதிப் பாதிக்கு அந்தக் கோலைப் பார்க்க வேண்டும்.

கார்னர் உடனே நடந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பந்து வரவில்லை. காய் எடுக்கிற ஒரு பெண் பள்ளத்தில் இறங்கினாள். "இங்க காணலையே" என்று கீழேயிருந்து குரல் வந்தது. எங்கள் வாத்தியாரும் ரைட் பேக்கும் இறங்கினார்கள். மழை அடித்துப் பெய்தது. கத்துவதற்கு ஒன்றுமில்லாமல் கூட்டம் சும்மா நின்றது. அந்த அமைதியில் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வளைவுப் பக்கமிருந்து ஒரு முனகல் வந்தால் ஓடிவிடுவேன் என்று இருந்தேன். ஒன்றும் வரவில்லை. சத்தம் காட்டாதே என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன் என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கே வரவில்லை. சாவியின் பல் உள்ளங்கையில் பதிந்து வலித்தது. ரெப்ரி குடைக்குள் நின்று ஒரு பீடியை முடித்து, இரண்டாவதைப் பற்றவைத்தார்.

ஒரு வழியாகப் பந்து வந்தது. வாத்தியார் அதைத் தன் பனியனிலேயே துடைத்து மூலையில் வைத்தார். பந்து தண்ணீர் குடித்துக் கனத்துப் போயிருந்தது. அவர் அடித்தது உயரவில்லை, தோள் உயரத்தில்தான் வந்தது. ஒன்பதாம் நம்பர் பின்னாலிருந்து ஓடி வந்தார். சேற்றில் கால் வழுக்கியது. விழப்போகிறார் என்று நினைத்தேன். விழுகிற வாக்கிலேயே உடம்பை முன்னால் வீசி நெற்றியால் இடித்தார். பந்து கயிற்றுக்கு அடியில் போனது. அவர் முகம் சேற்றில் இருந்தது. கோலா இல்லையா என்று அவர் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். முழுசாகப் பார்த்தேன். என் வாழ்நாளில் அதைப்போல ஒரு கோலை நான் பார்த்ததில்லை. நானும் கத்தினேன்.

கத்தின கத்தல் அடங்குவதற்கு முன்னால் ஓட ஆரம்பித்தேன். "உள்ள ஆள் இருக்கு! பழைய ஸ்டோருக்குள்ள ஆள் இருக்கு!" சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எல்லாரும் பின்னால் வந்தார்கள். பின்சுவர் சரிந்து, கூரைத் தகரம் மடிந்து, பாதிக் கட்டடம் செம்மண்ணாகக் கிடந்தது. முன்கதவு மட்டும் பூட்டோடு நின்றது. எனக்குப் பூட்டில் சாவி நுழையவில்லை. ஒன்பதாம் நம்பர் என்னைத் தள்ளிவிட்டுக் கதவை உதைத்தார். கையாலும் மண்வெட்டியாலும் அள்ளினோம். உலர்த்துகிற அடுப்பின் பெரிய இரும்புக் குழாய் ஒன்று தகரத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது. அதற்கு அடியில் சாக்குகளுக்கு நடுவே அவர் கிடந்தார். கண் திறந்திருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே கல்லுக்கு அடியில் இருந்தது.

"யாருய்யா இது?" என்றார் மேனேஜர்.

நான் பெயரைச் சொன்னேன். இவ்வளவு நேரமும் மைதானமே கத்திக்கொண்டிருந்த பெயர். மேனேஜர் சேறும் பனியனுமாக நின்ற ஒன்பதாம் நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கப்பு எஸ்டேட்டுக்குப் போனது. என் பெட்டியை மறுநாள் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

அன்று மாலை சிலமலைக்காரரைப் போடிக்கு இறக்கினோம். பனிமூட்டத்தில் வளைவு வளைவாக இறங்கிய ஜீப்பில் அவர் தலை என் மடியில். அன்று நான் கண்ணை மூடவில்லை. மூடினால் திறக்கும்போது அவர் இறந்திருப்பார் என்று பயமாக இருந்தது. வலி பொறுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவர், மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில், "ஜெயிச்சமாண்ணே?" என்று கேட்டார். "பேசாதப்பா" என்றேன். ஆஸ்பத்திரியில் பாதிப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

நான் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. கதை சொல்லச் சொல்ல வரிசை மாறியது. கார்னர் கிடைத்த உடனே அடித்தார்கள், கோல் விழுந்தது, அதற்குப் பிறகு மண் சரிந்தது, சரிந்த மறு நொடியில் நான் கப்பையும் வேலையையும் உதறிவிட்டு ஓடினேன் என்று ஆனது. பந்து பள்ளத்தில் போனது யார் ஞாபகத்திலும் இல்லை. போய்த் தேடிய வாத்தியாருக்கே இல்லை. வாட்சர் அந்த மழைக்காலத்தோடு வேலையை விட்டுப் போய்விட்டான். வரிசையை மாற்றியது நான் அல்ல. மாற்றியவர்களை நான் திருத்தவில்லை, அவ்வளவுதான். நடந்தது தெரிந்தவர், உள்ளே கிடந்தவர் ஒருவர்தான் மிச்சம். அவர் அந்தப் பக்கமே வரவில்லை. சந்தை நாளில் கூட்டத்தில் யாராவது காலைச் சாய்த்து நடந்து வந்தால் நான் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவேன். தூக்கத்தில் தகரம் நசுங்கும் சத்தம் கேட்டு எழுந்து உட்காருவேன். மண்டியில் பூட்டிச் சாவியைக் கொண்டுபோகும் பொறுப்பைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். நான் சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்தேன், தொண்டையில் கத்தி. கண்ணாடியில் கதவு திறந்தது. காலைச் சாய்த்து ஒருவர் உள்ளே வந்து, பெஞ்சியில் மெதுவாக உட்கார்ந்தார். முன்நெற்றியில் நரை. நான் எச்சில் விழுங்கினேன்.

"ஆடாம இருங்கண்ணே, அறுத்துறப் போகுது" என்றார் சலூன்காரர். பிறகு திரும்பிப் பார்த்து, "அட, யாரு வந்திருக்கா பாருங்க! சிலமலை ஆளுல்ல! என்னப்பா, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?"

"மகளுக்குக் காய்ச்சல்ண்ணே, டாக்டரைப் பாக்க வந்தோம். அவுக அம்மாவும் அதுவும் அங்க உக்காந்திருக்காக. சும்மா எட்டிப் பாத்தேன்."

அவருக்கு டீ வந்தது. எல்லாரும் குஷியாகிவிட்டார்கள். "அண்ணே, அந்தக் கோலைச் சொல்லுங்க. இவரு பேருல போட்ட கோலு, இவரு மட்டும்தான் பாக்கல!" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

நான் சொன்னேன். பாதி முகத்தில் சோப்போடு, வழக்கமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கார்னர் கெடச்சுச்சு, வாத்தியார் அடிச்சாரு, தோள் உயரத்துல வந்துச்சு. சொல்லும்போதெல்லாம் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் நிறுத்தி, அப்படி இல்லையே என்பார் என்று காத்திருந்தேன். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். முடிந்ததும் "நல்ல கோலு" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

என்னால் உட்கார முடியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இரு தம்பி, நானும் வர்றேன்" என்று அவர் பின்னால் போனேன். டாக்டர் வீடு பக்கம்தான். அங்கிருந்து அவர் மனைவியும் மகளும் சேர்ந்துகொள்ள, சிலமலை பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். அவர் நடைக்கு நான் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. தாயும் மகளும் முன்னால் போனார்கள். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்காமல் விட்டால் மீதி ஆயுசுக்கும் இந்தப் பயத்தோடுதான் இருக்க வேண்டும் என்று தெரிந்தது.

"அங்க சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேண்ணே" என்றார் அவர். "மண்ணு விழுந்து நான் அடியில கெடந்தனா, அப்பறம் ரொம்ப நேரத்துக்கு ஒரு சத்தமும் இல்ல. ஆட்டம் நடந்தாச் சத்தம் வரணும், முடிஞ்சா விசில் வரணும். ரெண்டும் இல்ல. அதுக்கப்பறந்தான் கோலுன்னு கத்துனாக, எம் பேரைச் சொல்லி. நடுவுல என்ன நடந்துச்சு?"

"பந்து பள்ளத்துல போயிருச்சு" என்றேன்.

"கொண்டார நேரமாயிருச்சோ?"

"ஆயிருச்சு."

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

"நான் அங்கதான் தம்பி நின்னேன். வாட்சர் வந்து சொல்லிட்டான். எல்லாந் தெரிஞ்சு நின்னேன்." சொல்லிவிட்டேன். நடுத்தெருவில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்காமல், முன்னால் போகிற மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும்ண்ணே. மூணு வருசம் உங்க பக்கத்துல நின்னுதான ஆட்டம் பாத்தேன். அது முடியாம நீங்க வர மாட்டீகன்னு எனக்குத் தெரியும். அதான் கத்தல, மூச்சைப் புடிச்சுக்கிட்டு, வெரசா ஒரு கோலு விழுகட்டும்னு உள்ள கெடந்து வேண்டிக்கிட்டேன்."

பஸ் வந்தது. மனைவியும் மகளும் ஏறினார்கள். அவர் ஏறுவதற்குக் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார்.